மனப்பதற்ற மாத்திரையும் பசியின்மையும்: வீட்டார் அறிய வேண்டியவை



மனப்பதற்றத்துக்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். நாலைந்து நாளில் இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது. பத்தாம் நாள் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்துதான் இப்படி இளைச்சுப் போறே. முதல்ல அதை நிறுத்து." மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. சில வாரங்களில் படபடப்பும் தூக்கமின்மையும் பழையபடி வந்து நிற்கின்றன. மறுபடி மருத்துவரிடம் போகவோ கூச்சம்.

நம் குடும்பங்கள் பலவற்றில் சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான். இந்த மாத்திரைகளின் பக்கவிளைவு முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. இடையில் இருக்கும் சில வாரங்களைச் சாப்பாட்டிலும் பொறுமையிலும் கடந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்குப் பசி திரும்பிவிடும், இன்ஷா அல்லாஹ்.

பசி ஏன் குறைகிறது?

மனப்பதற்றத்துக்கு இன்று பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுபவை செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளூவோக்சடின் போன்ற மாத்திரைகள். இவை செரட்டோனின் என்ற பொருளின் வேலையை உடலில் கூட்டுகின்றன. செரட்டோனின் மூளையில் மட்டும் இருப்பதல்ல. உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் மாத்திரை தொடங்கியதும் வயிறும் குடலும் முதலில் உணர்கின்றன. குமட்டல், வயிற்றுப்போக்கு, வாய் உலர்வது, பசி குறைவது எல்லாம் இதனால்தான். குடல் இதற்குப் பழகப் பழக இவை குறையும்.

குமட்டல் பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களில் தணியும். பசி வர இன்னும் சில நாட்கள் கூடலாம். மனதுக்குப் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். மருத்துவர் அளவைக் கூட்டும்போது சில நாட்கள் குமட்டல் மீண்டும் தலைகாட்டலாம். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பயப்படத் தேவையில்லை.

நோயா, மாத்திரையா?

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. பதற்றமே பசியைக் கெடுக்கும். பயத்தில் இருக்கும் உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. அப்போது செரிமானம் மெதுவாகிறது, தொண்டை அடைக்கிறது, சோறு இறங்காது.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சாப்பாடு குறைந்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். முன்பே குறைந்திருந்தால், பதற்றம் அடங்க அடங்கப் பசியும் வரும். மாத்திரைக்குப் பிறகுதான் குறைந்தது என்றால், தொடங்கிய தேதி, குமட்டல் வரும் நேரம், சாப்பிட்ட அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இது மிகவும் உதவும்.

தொழுகை நேரத்தோடு உணவு நேரம்

பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் இந்த நாட்களில் பொழுது முழுவதும் வெறும் வயிற்றோடு போய்விடும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். அதனால் பசியைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். நமக்கு அந்த நேரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு தொழுகையை ஒட்டியும் ஒரு சிறு உணவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு மாதிரி இதோ:

ஃபஜ்ருக்குப் பின்: இரண்டு மூன்று பேரீச்சம்பழம், அரை டம்ளர் பால்.
காலை எட்டு, ஒன்பது மணிக்கு: இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, ஓர் அவித்த முட்டை.
லுஹருக்குப் பின்: ஒரு கைப்பிடி சோறு, மீன் அல்லது பருப்பு, கொஞ்சம் தயிர்.
அஸருக்குப் பின்: சுண்டல் அல்லது வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம்.
மஃரிபுக்குப் பின்: ஒரு கிண்ணம் கஞ்சி.
இஷாவுக்குப் பின்: ஒரு சப்பாத்தி, சிறிது கறி அல்லது முட்டை.

ஒவ்வொரு வேளையும் கொஞ்சம்தான். ஆனால் ஆறு வேளையையும் கூட்டிப் பார்த்தால் உடலுக்குத் தேவையானது பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஒரு வேளை முடியாமல் போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகச் சாப்பிட முயல வேண்டாம்.

எது இறங்கும், எது இறங்காது?

ரமளானில் மட்டும் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை இந்த நாட்களிலும் காய்ச்சலாம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், சிறிது கொத்துக்கறி எல்லாம் ஒரே கிண்ணத்தில் சேர்கின்றன. மெல்லத் தேவையில்லை, எளிதாக இறங்கும். எண்ணெயையும் மசாலாவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாற்கோதுமை மாவைப் பாலில் காய்ச்சித் தேன் சேர்க்கும் தல்பீனாவும் நல்லது. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் இது ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. தல்பீனாவை மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல.

வாசனையே குமட்டினால் சூடான உணவைவிட ஆறிய உணவு எளிது. தயிர்சாதம், மோர், பழம், பாலில் ஊறிய அவல் போன்றவற்றைக் கொடுங்கள். தாளிக்கும் நேரத்தில் அவரை அடுப்படிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் சமைப்பவரே நோயாளி என்றால், அந்தச் சில வாரங்களுக்கு வேறு ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வதே பெரிய சிகிச்சை.

பொரித்தவையும் எண்ணெய் மிதக்கும் உணவும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும், அவற்றைத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்காமல், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். தேநீரும் காபியும் பசியை மந்தமாக்குவதோடு படபடப்பையும் கூட்டும். வெறும் வயிற்றில் தேநீர் வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு முறை குடிப்பவர்கள் படிப்படியாக ஒன்றிரண்டாகக் குறையுங்கள்.

மாத்திரை எடுக்கும் முறை

வெறும் வயிற்றில் எடுப்பதைவிடச் சாப்பிட்டதும் எடுத்தால் குமட்டல் குறையும். காலையில் எடுத்தால் பகல் முழுவதும் குமட்டுகிறது என்றால், இரவு உணவுக்குப் பின் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு இரவில் எடுத்தால் தூக்கம் கெடும், அதனால் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அளவைக் குறைத்துத் தொடங்குவது, வேறு மாத்திரைக்கு மாறுவது, பசியைத் தூண்டும் தன்மை கொண்ட மிர்டாசபின் போன்ற மாத்திரை பொருந்துமா என்று பார்ப்பது என்று மருத்துவர் கையில் பல வழிகள் உள்ளன. நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் ஹலாலா என்ற ஐயத்தால் மருந்தை நிறுத்துவோரும் உண்டு. அந்த ஐயத்தை மருத்துவரிடமே சொல்லுங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை உறையில்லாத மாத்திரையாகவே கிடைக்கின்றன.

தாமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. சில வாரங்கள் எடுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். குளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பே வரக்கூடும். நிறுத்துவதென்றாலும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதுவே பொருந்தும்.

பசி டானிக் வாங்கும் முன்

"பசி எடுக்க ஒரு சிரப் கொடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பது நம் வழக்கம். அப்படிக் கிடைக்கும் பல சிரப்புகளில் சைப்ரோஹெப்டடின் என்ற மருந்து இருக்கிறது. அது செரட்டோனினின் வேலையைத் தடுக்கக்கூடியது. பதற்ற மாத்திரை ஒரு பக்கம் கூட்ட, இது மறுபக்கம் குறைக்க, மாத்திரையின் பலன் கெட வாய்ப்புண்டு. தூக்கக் கலக்கமும் வரும். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். கருஞ்சீரகம், யூனானி, நாட்டு மருந்து என்று எது எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது இதன் அறிகுறிகள். பதற்றமும் இதே போலத்தான் இருக்கும் என்பதால் வீட்டார் ஏமாந்துவிடக் கூடாது. சந்தேகம் வந்ததும் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வழியில்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பாடு குறைந்திருப்பதைச் சர்க்கரை மருத்துவரிடமும் உடனே சொல்ல வேண்டும். இவர்கள் தல்பீனாவில் தேனையும், பேரீச்சம்பழத்தையும் அளவு பார்த்தே சேர்க்க வேண்டும்.

நோன்பு வந்தால்

நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ் சலுகை அளித்திருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் காண்கிறோம். சாப்பாடு இறங்காமல் எடை குறைந்துவரும் ஒருவர், சிகிச்சையின் தொடக்க வாரங்களில் நோன்பு வைக்கலாமா என்பதை முதலில் மருத்துவரிடமும் பிறகு ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். உடல் தேறியவர்களில் பலர், நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரையை மருத்துவரின் யோசனையோடு இஃப்தாருக்குப் பின்னோ சஹரிலோ எடுத்து நோன்பு நோற்க முடியும்.

வீட்டார் செய்ய வேண்டியது

"இன்னும் ரெண்டு வாய்" என்று தட்டின் முன் நின்று வற்புறுத்தினால் சாப்பாட்டு நேரமே பயமாகிவிடும். சிறிய தட்டில் கொஞ்சமாக வைத்து, கூட அமர்ந்து, வேறு பேச்சு பேசுங்கள். வலீமா விருந்தில் ஒரே சஹனில் அமரும்போது "ஏன் கை வைக்கல?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வெளியே வருவதில்லை. தனித்தட்டு கேட்பதில் தவறில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

"ஈமான் குறைவு", "தொழுதால் சரியாகிவிடும்" என்ற சொற்கள் நோயாளியின் மனதை உடைக்கும். ஐங்காலத் தொழுகையை விடாதவருக்கும் இந்த நோய் வரும். துஆவும் ஓதிப் பார்ப்பதும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். மூன்று நான்கு வாரமாகியும் பசி திரும்பாவிட்டாலும் பாருங்கள்.

தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, சிறுநீர் மிகவும் குறைவது, மலம் கறுத்துப் போவது அல்லது இரத்தம், கடும் காய்ச்சலோடு நடுக்கமும் விறைப்பும், முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதியவர்களுக்கு இந்த மாத்திரைகளால் உடலில் சோடியம் குறைய வாய்ப்புண்டு. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

25 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொடக்க வாரங்களில் தனிக் கவனத்தோடு பாருங்கள். அதிகத் தவிப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ தெரிந்தால் தனியே விடாதீர்கள். கோபிக்காமல் கேளுங்கள், உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உள்ளது. அங்கே ஆலோசனையும் மாத்திரைகளும் இலவசம். 14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தனியாரிடம் சிகிச்சை தொடர்பவர்களில் மாத்திரை வாங்க வசதியில்லாதவர்கள், மருத்துவச் சீட்டோடு நம் அறக்கட்டளை அலுவலகத்தை அணுகலாம். பெண்கள் பெண் பொறுப்பாளரிடமே பேசலாம். யார் வந்தார், எதற்கு வந்தார் என்பது அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.