கணிப்பொறிக்குள் ஒரு வேம்பு

இறைவன் மூன்றாம் நாளில் மரஞ்செடி கொடிகளைப் படைத்தார் என விவிலியம் கூறுகிறது. அவற்றுள் ஒரே ஒரு மரத்தைக் கணிப்பொறியில் செய்துபார்க்க எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன!

நம் பள்ளியில் எழவிருக்கும் புதிய கட்டடத்தின் அசைபடத்தைத் தோழியர் யாவரும் கண்டிருப்பீர்கள். கட்டடம் அழகுதான். ஆனால் முற்றத்தில் நின்றவை எந்நாட்டு மரங்கள்? குளிர்நாட்டு மேப்பிள்கள்! அதிலும் ஒரே மரம் பன்னிரண்டு முறை, ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. நம் வேம்பையோ காணோம். படத்திலேயே இல்லாத மரம் வெட்டப்பட்டால், படத்தைப் பார்த்து ஒப்புதல் தருவோருக்கு எதையோ இழக்கிறோம் என்று எப்படித் தோன்றும்? ஆகவே வேம்பைப் படத்தினுள் நட முனைந்தோம். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள் துணையாயிற்று.

கிளை கிளையாகக் கையால் வரைந்தால் ஆயுள் போதாது. விதியைத் தந்துவிட்டால் கணிப்பொறியே கிளைக்கும். இவ்வழியைக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர். 1968-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. 'அ' என்பதை 'அஆ' என்றும், 'ஆ' என்பதை 'அ' என்றும் மாற்றிக்கொண்டே போங்கள். அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று எழுத்துகள் வளரும். எழுத்துக்குப் பதில் தண்டு, மொட்டு, திரும்பும் கோணம் என்று வைத்தால் செடி வளரும்!

ஆனால் விதியை இம்மியும் பிசகாமல் பின்பற்றிய எங்கள் மரம் மார்கழிக் கோலம்போல் இருந்தது. ஒவ்வொரு கோணத்திலும் நீளத்திலும் சிறிது தாறுமாறைச் சேர்த்த பிறகே உயிர் வந்தது. கிளைகளின் பருமனிலும் தவறினோம். பிரியும் கிளைகளை ஒன்றாகச் சேர்த்தால் தாய்க்கிளையின் பருமன் வரவேண்டும் என்று லியனார்டோ டாவின்சி அன்றே குறித்துவைத்தார். அதை மறந்ததால் முதல் மரம் பூசணிக்காயில் ஈர்க்குச்சி செருகியது போலாயிற்று!

இலைக்கு முற்றத்திற்கே சென்றோம். வேம்பின் இலை ஒற்றையிலை அன்று. ஓர் ஈர்க்கின் இருமருங்கிலும் பல்விளிம்புச் சிற்றிலைகள். அவற்றை வெள்ளைத் தாளில் பரப்பி, நிழல் விழாமல் முன்னும் பின்னும் படம் எடுத்தோம். பின்புறம் வெளிறியிருப்பதை அன்றுதான் கவனித்தோம். இலையுள்ள இடம் வெள்ளை, இல்லாத இடம் கறுப்பு என்று இன்னொரு படம் செய்தால், அதைக் கொண்டு கணிப்பொறி இலையை வெட்டிக்கொள்ளும். இலை வெயிலைச் சிறிது உள்ளே விடவேண்டும். சூரியனுக்கு எதிரே நின்று பாருங்கள், இலை மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். இதை விட்டால் மரம் பிளாஸ்டிக்தான்.

ஆயிரக்கணக்கான இலைகளைத் தனித்தனியே சுமந்தால் கணிப்பொறி திணறும். ஆகவே ஓரிலையை மட்டும் நினைவில் வைத்து, மற்ற இடங்களில் அதையே காட்டச் செய்தோம். அளவையும் திருப்பத்தையும் மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு மேப்பிள்களிலும் இதைச் செய்திருக்கலாமே!

காற்றுதான் கடினம். அடிமரம் அசையவே கூடாது. கிளை மெல்ல ஆட, இலை விரைந்து நடுங்கவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஆடினால் உடற்பயிற்சி வகுப்பு போலிருக்கும். வினாடிக்கு 25 படங்கள் வீதம் இருபது வினாடிக்கு 500 படங்கள். கணிப்பொறி இரண்டு இரவுகள் ஓடியது.

கடைசியில் மரத்தடியில் சில சருகுகளையும் போட்டுக் காண்பித்தோம். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் இருமுறை பார்த்துவிட்டு, "காக்கைக் கூடு எங்கே?" என்றார்கள். பின்னர் மரத்திலிருந்து கட்டடம் எத்தனை அடி தள்ளி வரும் என்று கேட்டு, அளக்கும் நாடாவை எடுத்துவரச் சொன்னார்கள்.