கற்கும் விருப்பமும் ஆங்கிலப் போதனையும்

ஒரே வகுப்பில் ஒரே பாடநூலைப் பயிலும் மாணவர்கள் ஆங்கிலத்தை ஒரே வகையில் கற்க விரும்புவதில்லை. ஒருவன் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதிக்கொள்ள விழைகின்றான். மற்றொருவன் ஆசிரியர் படிக்கக் கேட்பதையே நாடுகின்றான். வேறொருத்தி உரையாடலை நடித்துக் கற்பதில் மகிழ்கின்றாள். இவ்வேற்றுமையை ஆசிரியர் எங்ஙனம் பயன்படுத்துவது? மாணவர்களை விருப்பத்திற்கேற்ப வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையினருக்கும் தனித்தனி முறையில் கற்பித்தல் வேண்டுமா? கல்வி உளவியலார் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது.

விருப்பங்களை அளத்தல்

ஆங்கிலப் போதனையோடு நேரடித் தொடர்புடைய ஆராய்ச்சி ஒன்றை ஜாய் ரீட் என்னும் அம்மையார் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்காவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயின்ற, பல்வேறு தாய்மொழிகளைப் பேசும் மாணவர்களிடம் அவர் 30 கூற்றுக்கள் அடங்கிய வினாநிரலை அளித்தார். காணுதல், கேட்டல், உடலியக்கம், கையால் செய்தல், குழுவாகக் கற்றல், தனித்துக் கற்றல் என ஆறு வகை விருப்பங்களை அது அளந்தது. உடலியக்கத்தாலும் கைச்செயலாலும் கற்பதையே பெரும்பாலோர் விரும்பினர். குழுவாகக் கற்பதை விரும்பியவர் குறைவு. இதனையொத்த அளவைகள் பின்னர்ப் பெருகின. பிராங்க் காஃபீல்டு என்பாரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, கற்கும் பாணி பற்றிய கோட்பாடுகள் 71 இருந்தன.

விருப்பம் வேறு, பயன் வேறு

மாணவனுக்கு ஒரு விருப்பம் உண்டு என்பது ஒரு செய்தி. அவ்விருப்பத்திற்கிசையக் கற்பித்தால் அவன் மிகுதியாகக் கற்பான் என்பது முற்றிலும் வேறொரு செய்தி. இரண்டாவதை மெய்ப்பிக்கக் கடுமையான பரிசோதனை தேவை. கண்வழி விரும்புவோரையும் செவிவழி விரும்புவோரையும் முதலில் பிரித்தல் வேண்டும்; ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்குக் கண்வழியாகவும் பாதிப்பேருக்குச் செவிவழியாகவும் கற்பித்தல் வேண்டும்; இறுதியில் அனைவருக்கும் ஒரே தேர்வு நடத்துதல் வேண்டும். முதற்பிரிவினர் கண்வழியிலும் இரண்டாம் பிரிவினர் செவிவழியிலும் சிறந்து விளங்கினாலன்றிக் கோட்பாடு நிலைபெறாது.

ஹெரால்டு பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலார் 2008-ஆம் ஆண்டில் இவ்வளவுகோலைக் கொண்டு முந்தைய ஆராய்ச்சிகளைச் சோதித்தனர். அதற்கு உட்பட்ட பரிசோதனைகள் மிகச் சிலவே என்றும், அவற்றுள்ளும் சில கோட்பாட்டிற்கு மாறாகவே அமைந்தன என்றும் கண்டனர். 2015-ஆம் ஆண்டில் பெத் ரோகோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும், ஒரு நூற்பகுதியைச் சிலர் படிக்கவும் சிலர் கேட்கவும் செய்து, உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தனர். அவரவர் விருப்பத்திற்கும் கற்ற முறைக்கும் இருந்த பொருத்தம் புரிந்துகொள்ளும் திறனை உயர்த்தவில்லை.

பாடப்பொருளே வழிகாட்டி

அவ்வாறாயின் எந்தப் புலனைத் துணைக்கொள்வது? அதனைத் தீர்மானிப்பது கற்பிக்கப்படும் பொருளே. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துக்களின் வரிசை, 'எனினும்' என்று பொருள்படும் 'தோ' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓகாரமாக ஒலிக்கின்றது. 'ஊடாக' என்னும் பொருளுடைய 'த்ரூ' என்பதில் ஊகாரமாகின்றது. 'கடினமான' என்னும் பொருளுடைய 'டஃப்' என்பதில் 'அஃப்' என ஒலிக்கின்றது. கேட்டு மட்டும் பழகியவனுக்கு இவற்றின் எழுத்துக்கூட்டு விளங்காது. பார்த்து மட்டும் பழகியவனுக்கு உச்சரிப்பு விளங்காது. 'ரெக்கார்டு' என்ற சொல்லை முதலசையில் அழுத்தினால் 'பதிவு' என்னும் பெயர்ச்சொல். இரண்டாம் அசையில் அழுத்தினால் 'பதிவு செய்' என்னும் வினைச்சொல். தமிழில் அழுத்தத்தால் சொல்லின் பொருள் இவ்வாறு மாறுவதில்லை. ஆதலால் செவிப்பயிற்சியின்றித் தமிழ் மாணவன் இதனை உணர்தல் அரிது. 'இவன் கண்வழி மாணவன்' என்று முத்திரையிட்டுக் கேட்டலினின்றும் அவனை விலக்குவது அவனுக்குத் தீங்கே ஆகும். தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு, ஆங்கிலம் காதில் விழும் இடம் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே. அவ்வாய்ப்பையும் முத்திரை பறித்துவிடலாகாது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஓர் எளிய பாடத்தைக் காண்போம். 'இன்', 'ஆன்', 'அண்டர்' என்னும் இடங்குறிக்கும் சொற்களைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு புத்தகத்தைப் பைக்குள்ளும், மேசை மீதும், மேசைக்கு அடியிலும் வைத்து வாக்கியங்களைச் சொல்லலாம். மாணவர் கேட்டபடி செய்து காட்டுவர். பின் தாமே கட்டளையிடுவர். அதன்பின் வாக்கியத்தைக் கரும்பலகையில் கண்டு எழுதுவர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும் இது இயலும். மறுநாள் புத்தகத்தைப் பாராமல் அவ்வாக்கியங்களை நினைவிலிருந்து கூறச் செய்தலும், சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் வினவுதலும் இன்றியமையாதன. இவ்விரு பயிற்சிகளும் நினைவை நிலைபெறச் செய்கின்றன என்பதைப் பல பரிசோதனைகள் உறுதி செய்துள்ளன.

இதனால் மாணவர் விருப்பத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன்று. விருப்பமான செயல் ஊக்கத்தை வளர்க்கும். மாணவர் எப்பயிற்சிக்கு அஞ்சுகின்றனர் என்பதனையும் ஆசிரியருக்கு உணர்த்தும். குழுவில் பேசக் கூசும் மாணவியை முதலில் ஒரு தோழியோடு மட்டும் பேசவிட்டுப் படிப்படியாகக் குழுவிற்கு அழைத்துவரலாம். விருப்பம் அறிந்து பாடத்தைத் தொடங்குதல் நன்று. எனினும் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களையும் ஒவ்வொரு மாணவனுக்கும் அளிப்பதே ஆங்கில ஆசிரியரின் கடமையாகும்.