பெரிய டயர் போட்டாச்சு, உரசுது: அடுத்த பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா எஸ்ஐபி, டாக்ஸ்னு எழுதுறவன் இன்னைக்கு டயர் பத்தி எழுதுறேன். காரணம் இருக்கு. போன மாசம் பாகூர்ல இருந்து என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, புது வீல் போட்டதுல இருந்து வண்டியைத் திருப்பினா கர்ர்னு சத்தம் வருது. லிஃப்ட் கிட் போட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. எழுபதாயிரம் ஆகும். பர்சனல் லோன் எடுக்கட்டுமா?"

அவன் வண்டி ஸ்கார்பியோ-என். கம்பெனியில் வந்தது 255/60 ஆர்18 டயர். அதைக் கழட்டிட்டு 275/65 ஆர்18 டயரும், வெளியே துருத்தி நிக்கிற அலாய் வீலும் போட்டிருக்கான். செலவு 1,30,000 ரூபாய், கிரெடிட் கார்டு இஎம்ஐ. பழைய செட்டை அதே கடையில 35,000-க்கு கொடுத்துட்டான். நீங்களும் இந்த நிலைமையில இருந்தா, லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொடுங்க.

ஏன் உரசுது? சின்னக் கணக்குதான்

255/60 ஆர்18-ல் 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பழைய டயரோட மொத்த விட்டம் சுமார் 763 மி.மீ. புதுசு சுமார் 815 மி.மீ. அதாவது 52 மி.மீ. கூடுதல். வீல் மையத்துல இருந்து பார்த்தா எல்லாப் பக்கமும் 26 மி.மீ. வளர்ந்திருக்கு. அகலமும் 20 மி.மீ. கூடியிருக்கு.

இதோட ஆஃப்செட்னு ஒரு விஷயம் இருக்கு. வீலின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. வீலின் பின்பக்கம் 'ஈடி'னு போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். பார்க்க கெத்தா இருக்கும். ஆனா ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு பம்பர் மூலையையும் மட் ஃப்ளாப்பையும் தொடும்.

முதல்ல எங்க உரசுதுனு கண்டுபிடிங்க. செலவு: ஒரு சாக்பீஸ்

டயர் ஓரத்துல சாக்பீஸ் தடவுங்க. காலி மைதானத்துல ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, மெதுவா முன்னாடியும் பின்னாடியும் ஓட்டுங்க. அப்புறம் வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்க. சாக்பீஸ் எங்க ஒட்டியிருக்குனு டார்ச் அடிச்சுப் பாருங்க.

- உள் பிளாஸ்டிக் லைனர், மட் ஃப்ளாப்: சின்னப் பிரச்சினை.
- உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்ம்: வீலோட ஆஃப்செட் தப்பு.
- வேகத்தடையில் மேலே இரும்பு பாடி: டயர் அளவே தப்பு.
- பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர்: அன்னைக்கே வண்டியை நிறுத்திடுங்க.

பாகூர் ஏரிக்கரையில எதிரே கரும்பு லாரி வரும்போதோ, வில்லியனூர்ல கடைத்தெரு முனையில திரும்பும்போதோ டயர் சிக்கினா, அது வெறும் சத்தம் இல்லை, ஆபத்து.

தீர்வுகள்: குறைஞ்ச செலவுல இருந்து மேலே போங்க

1. லைனர் கிளிப்பை இறுக்குறது, மட் ஃப்ளாப்பை ஓரம் வெட்டுறது. சில நூறு ரூபாய். லைனரை மொத்தமா கழட்டிடாதீங்க. வயல் ரோட்டுச் சேறு நேரா ஒயரிங்ல போய் அடிக்கும்.

2. வீல் அலைன்மென்ட். வண்டியில அட்ஜஸ்ட் பண்ண வழி இருந்தா, வீலை சில மி.மீ. முன்னாடி தள்ளலாம். பின்பக்க உரசல் குறையும்.

3. ஸ்பேசர். உள்பக்கம் உரசினா மட்டும். வெளிப்பக்கம் உரசுறவங்க போட்டா இன்னும் மோசமாகும். பேரிங் மேல சுமையும் கூடும்.

4. லிஃப்ட் கிட். நிறைய பேர் ஏமாறுவது இங்கதான். வண்டி நிக்கும்போது இடைவெளி கூடித் தெரியும். ஆனா பெரிய பள்ளத்துல சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே வரும். பம்ப் ஸ்டாப்பையும் மாத்தலைன்னா உரசல் போகாது.

5. பாடி இரும்பை வெட்டுறது. வேண்டவே வேண்டாம். துரு பிடிக்கும், வாரன்டி போகும், விபத்துல பலமும் குறையும்.

6. டயரை மட்டும் கம்பெனி அளவுக்கு மாத்துறது. ரிம் 18 அங்குலம்தானே? அலாயை வச்சுக்கிட்டே 255/60-க்கு திரும்பலாம். ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் பொருந்துதானு மட்டும் கேட்டுக்கோங்க.

இப்போ என் வேலை: கணக்கு

ரூபாய் விலைகள் தம்பி விசாரிச்சுச் சொன்னது. நீங்க உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

வழி ஒன்று: லிஃப்ட் கிட் 70,000. 14 சதவீத வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 3,360. கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 80,700. உரசல் போகும்னு உத்தரவாதம் இல்லை.

வழி இரண்டு: புது 255/60 டயர் நாலு 60,000. கொஞ்சமே ஓடின 275/65 செட்டை வித்தா 40,000. கையிலிருந்து போறது 20,000. உரசலுக்கான காரணமே போயிடும்.

"அப்போ நான் போட்ட ஒன்னேகால் லட்சம் வீணாண்ணா?" னு கேட்டான். எங்க படிப்புல இதுக்கு 'சங்க் காஸ்ட்'னு பேரு. போன பணம் போனதுதான், லிஃப்ட் கிட் வாங்கினாலும் அது திரும்பி வராது. இன்னைக்கு முடிவு எடுக்கும்போது இனிமே செலவாகப்போற பணத்தை மட்டும் பாருங்க. 80,700-ஆ, 20,000-ஆ? நஷ்டத்துல இருக்கிற ஷேரை 'ஆவரேஜ்' பண்றேன்னு மேல மேல பணம் போடுறதும் இதே தப்புதான்.

பில்லில் வராத செலவுகள்

ஸ்பீடோமீட்டர்: டயர் பெருசானதால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி சுமார் 85-ல் போகும். ஓடோமீட்டர் 10,000 கி.மீ. காட்டினா உண்மையில் 10,670 ஓடியிருக்கும். சர்வீஸ் தள்ளிப்போகும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்துறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செஞ்சது. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்சூரன்ஸ்: மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லலைன்னா கிளெய்ம் நேரத்துல தகராறு வரலாம். டயர் மட்டும் சேதமானா சாதாரண பாலிசி தராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாதான் டயருக்குப் பணம், அதுவும் பாதி விலைதான்.

இன்னும் வாங்காதவங்களுக்கு

கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்கிற அளவுக்குள்ளயே இருங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வீலை மாட்டி, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுக் காட்டச் சொல்லுங்க. பழைய செட்டை ஆறு மாசம் வீட்டு மொட்டை மாடியில தார்பாய் போட்டு வைங்க. என் தம்பி அதை வித்திருக்கலைன்னா அந்த 20,000-மும் மிச்சம்.

அவன் இரண்டாவது வழியைத்தான் எடுத்தான். சத்தம் நின்னுடுச்சு. கார்டு இஎம்ஐ இன்னும் ஒன்பது மாசம் ஓடும். ஆனா அது மேல இன்னொரு லோன் ஏறலை. எனக்கு அது போதும்.