தோட்டப் பள்ளியும் ஊரார் கொடையும்

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமில் சில நாள் வைக்கப்பட்டு, பின்னர் அக்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்ட நம் முன்னோர், தங்கள் தேக உழைப்பினால் மலேசிய நாட்டின் செல்வத்தைப் பெருக்கினார்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை. அவர்களுடைய குழந்தைகளின் கல்வியைப் பேணியவர் யார் என்பதோ அவ்வளவாகப் பேசப்படாத சரித்திரம். அரசாங்கத்துக்கும் தோட்டத் துரைமாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆயினும், அவ்விருவரும் விட்ட குறையை நிறைத்தவர்கள், சொற்பக் கூலியிலிருந்து பள்ளிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிய எளிய ஜனங்களே.

1816ஆம் ஆண்டில் பாதிரியார் ஹட்சிங்ஸ் ஜார்ஜ் டவுன் நகரில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியபோது, அதனுடன் ஒரு தமிழ் வகுப்பும் இணைக்கப்பட்டது. அவ்வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லையெனினும், இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் ஆரம்பமாக அதனையே கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. நகரத்துப் பிள்ளைக்கு 1816இல் திறந்த கதவு, தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் திறக்கச் சொல்லிற்றேயன்றி, அது நல்ல பள்ளியாக இருப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்யவில்லை. ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், பல இடங்களில் அந்த ஆசிரியரும் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோதான். விடியுமுன் பெற்றோர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விட, லயத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தமையால், அவளுடைய பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தும் இல்லாததாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. எனினும், பள்ளி நின்ற நிலம் தோட்ட முதலாளியுடையதாக இருந்தபடியால், அத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற வகையிலேயே தங்கிவிட்டன. கூரைத் தகரத்தை மாற்றுவதற்கும், புதிய வகுப்பறை எழுப்புவதற்கும் அரசாங்க உதவி முழுமையாக வருவதில்லை; எஞ்சியதைப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊராரிடம் திரட்டியாக வேண்டும். நிதி திரட்டும் விருந்துகளுக்கும் கலைநிகழ்ச்சிகளுக்கும் மூலகாரணம் இதுவே. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கின்றன. பினாங்கு மாநிலத்தில் இருப்பவை 28. அவற்றுள் மேஃபீல்டு, பைராம், டிரான்ஸ்கிரியான், வால்டோர் முதலிய பல பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

ஏழைகளின் சிறு தொகை பெருங்காரியம் செய்யும் என்பதற்கு நம்மிடையே உதாரணங்கள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு உரிய ஸ்தானம் வேண்டுமென்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் முதலானோர் சிறு சிறு தொகைகளாக அள்ளிக் கொடுத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளித் தவணையில் தொழிலாளரே வாங்கும்படி செய்து, அவர்கள் உழைத்த மண்ணை அவர்களுக்கே உரித்தாக்கினார். கொடுத்தவனே உரிமையாளனாகவும் ஆனான் என்பதே அம்முயற்சியின் மேன்மை.

பிற தேசங்களும் இவ்வழியில் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கிராமத்து மக்களே மேசை நாற்காலி முதல் கட்டடம் வரை வழங்கித் தங்கள் பள்ளிகளைச் சீர்செய்தனர். ஆப்பிரிக்காவில், 1963இல் சுதந்திரமடைந்த கென்யாவின் தலைவர் ஜோமோ கென்யாட்டா விடுத்த 'ஹராம்பே' (ஒன்றுகூடி இழுப்போம்) என்னும் அழைப்பை ஏற்று, தொலைதூரக் கிராமத்தார் தாங்களே பணமும் உழைப்பும் கொடுத்து நூற்றுக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பினர். ஆனால், கட்டடங்கள் எழுந்த வேகத்துக்கு ஈடாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் கிடைக்காமற்போனமையால், அப்பள்ளிகள் பலவற்றில் கல்வியின் தரம் தாழ்ந்தது. செல்வமுள்ள ஊருக்கு நல்ல பள்ளியும் வறண்ட ஊருக்கு வெறுஞ்சுவரும் என்ற பேதமும் வளர்ந்தது.

நமக்கும் இந்தப் படிப்பினை பொருந்தும். கல்வெட்டில் பெயர் பொறிக்கத்தக்க மண்டபத்துக்குக் கொடை எளிதில் சேர்கிறது; மாதந்தோறும் வேண்டியிருக்கிற வேன் கட்டணத்துக்குச் சேர்வதில்லை. தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், ஒதுக்குப்புறப் பள்ளியின் உயிர்நாடி அந்த வேன்தான். செபராங் பிறையிலுள்ள பத்து காவானைப் பாருங்கள்: 2014இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது, தோட்டமாக இருந்த நிலத்தில் தொழிற்சாலைகளும் புதுக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. இத்தகைய மாறுதலுக்கிடையில், இருட்டோடு எழுந்து வேனுக்குக் காத்திருக்கும் ஒரு சிறுமிக்கு ஓராண்டுக் கட்டணத்தைப் பொறுப்பேற்பவர், புதிய வகுப்பறையைக் கட்டியவருக்கு எவ்வகையிலும் குறைந்த தர்மவான் அல்லர்.

கொடுப்போர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? பிறர் நிலத்தில் எழுப்பிய கட்டடம் நாளை நம் கைவிட்டுப் போகக்கூடும். வீதியிலும் வீடுவீடாகவும் வசூலிப்போர் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற்றவர்களா? அந்த நிதி 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றதா? பெற்றிருந்தால் கொடுத்த தொகைக்கு வரிச்சலுகையும் உண்டு. ரசீதும், தணிக்கை செய்த கணக்கும் ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வைக்கப்படுகின்றனவா? இவற்றைக் கேட்பதைச் சந்தேகப் புத்தி என்று எண்ணுதல் தவறு. ஐந்து வெள்ளி கொடுத்தவருக்கும் ஐயாயிரம் வெள்ளி கொடுத்தவருக்கும் ஒரே கணக்கைக் காட்டும் பள்ளியே அடுத்த ஆண்டும் கொடையைப் பெறும்.

வித்தியாதானத்தைத் தானங்களில் சிறந்ததென்று போற்றும் சமூகம், அதனை வருஷத்துக்கொரு விருந்தோடு முடித்துவிடலாகாது. ஆளுக்குச் சிறிதாக, மாதந்தவறாமல், கணக்கறிந்து கொடுப்போர் ஒவ்வொரு பள்ளிக்கும் நூறு பேர் முன்வருவாரானால், பினாங்கின் இந்த 28 பள்ளிகளில் எதற்கும் பிள்ளைக்கு வேன் இல்லை என்ற காரணத்தால் பூட்டுப்போட வேண்டிய நாள் வராது.