புற்றுக்குள் ராகு, புற்றின் மேல் குடை

கிரகங்களின் சுழற்சியைக் காளானோடு ஒப்பிடலாம். ஒப்புமை அழகாகவே பொருந்துகிறது, ஓரிடத்தைத் தவிர. அந்த ஓரிடம்தான் முக்கியம்.

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் நகரி. விசைத்தறிகளின் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. காளானுக்குத் தெலுங்கில் புட்டகொடுகு என்று பெயர். புட்ட என்றால் புற்று. கொடுகு என்றால் குடை. மழை விழுந்ததும் புற்றுமேல் விரியும் குடை.

அதே புற்றுதான் நாகத்தின் வீடும். தீபாவளி அமாவாசைக்குப் பின் வரும் நாகுல சவிதி அன்று பெண்கள் புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள். ஜோதிடத்தில் பாம்பு என்றால் ராகுவும் கேதுவும். அந்த இருவருக்கும் பரிகாரம் தேடுபவர்கள் வந்து சேரும் தலம் திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி. கிரகண நேரத்தில் திருமலையில் நடை சாத்தப்படும். காளஹஸ்தியில் பூஜை நடக்கும்.

ராகு, கேதுவுக்கு உடல் கிடையாது. வானத்தில் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வர சுமார் 18.6 ஆண்டுகள் ஆகின்றன. யார் கண்ணுக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பவை, கிரகணத்தன்று மட்டும் தம் இருப்பைக் காட்டுகின்றன.

புற்றுக் காளானும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் பறித்து வந்து குழம்பு வைப்பது அந்த உயிரின் சிறு பகுதி. மீதி மண்ணுக்கு அடியில் வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கிறது. அதை வளர்ப்பவை கறையான்கள். இலை, சருகு, கட்டையை மென்று, கழிவாக்கி, கூட்டுக்குள் கடற்பஞ்சு போன்ற பாத்திகளை அமைக்கின்றன. அதில் பூஞ்சை வளர்கிறது. கறையான்களால் செரிக்க முடியாத நாரை அது சிதைத்துக் கொடுக்கிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவரும் விவசாயம் இது.

மழைக்காலம் தொடங்கியதும் ஈசல் பறக்கிறது. ஜோடி சேர்ந்தவை புதுக் கூடு கட்டுகின்றன. பழைய கூட்டிலிருந்து நீண்ட வேர் போன்ற காம்பு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. சில நாட்களில் அழுகியும் விடுகிறது. அதற்குள் கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் பரவிவிடும். பெரும்பாலான இனங்களில், புதுக் கூட்டின் வேலைக்காரக் கறையான்கள் அந்த வித்துகளை வெளியிலிருந்து எடுத்துச் சென்று புதுத் தோட்டம் போடுகின்றன. இந்தக் காளான் பேரினத்துக்கு 1942ல் டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜர் ஹைம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979ல் தென்னிந்திய இனம் ஒன்றை விவரித்து, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார்.

அப்படியானால் காளான் நட்சத்திரம் பார்த்துத்தான் முளைக்கிறதா? இங்குள்ள விவசாயிகளிடம் அப்படி ஒரு கணக்கு இருக்கவே செய்கிறது. சூரியன் ஒரு நட்சத்திரத்தில் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களுக்குத் தெலுங்கில் கார்த்தெ என்று பெயர். ஜூன் இரண்டாம் வாரத்தில் மிருகசீரிஷ கார்த்தெ. அது முடிந்ததும் ஆருத்ரா. வேர்க்கடலை விதைப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் இவை. தமிழர்கள் மே மாதத்தில் வியர்வையோடு எண்ணும் அக்னி நட்சத்திரமும் இதே கணக்குதான்.

இதில் மர்மம் இல்லை. பருவங்களை ஆள்வது சூரியன்; கார்த்தெ சூரியனை அளக்கிறது. ஆகவே தோராயமாகப் பலிக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், நட்சத்திரக் கணக்குக்கும் பருவத்துக்கும் இடையே சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் இடைவெளி விழுகிறது. சம பகல் இரவு நாள் மார்ச் 20, 21ல் வந்துவிட, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14 வரை தள்ளிப்போனது இதனால்தான்.

சூரியனை விட்டு ராகுவிடம் வந்தால் ஒப்புமை உடைகிறது. அடுத்த நூற்றாண்டின் கிரகணத்தையும் இன்றே நிமிடம் தவறாமல் சொல்லிவிடலாம். அடுத்த வாரம் எந்தப் புற்றில் குடை விரியும் என்று எவராலும் சொல்ல முடியாது. கிரகணம் நிபந்தனை கேட்பதில்லை. காளானோ தேதி பார்ப்பதில்லை. ஈரம், சூடு, கூட்டின் பலம் ஆகியவையே அதற்கு முக்கியம்.

தசைக் கணக்கும் வானத்தோடு ஒட்டுவதில்லை. சனி சூரியனைச் சுற்ற சுமார் 29.5 ஆண்டுகள் ஆகின்றன. சனி தசையோ 19 ஆண்டுகள். குருவின் சுற்று ஏறக்குறைய 12, தசை 16. ராகு தசை மட்டும் 18 என்று சுற்றின் அளவுக்கு அருகில் வருகிறது.

கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு நாக தோஷம் என்றோ, கடன்பட்டவனுக்கு ராகு தசை பாக்கி என்றோ சொல்லப்படும்போது இந்த வித்தியாசம் வெறும் தர்க்கமாக இருப்பதில்லை. பதினெட்டு ஆண்டு என்பது ஒருவரின் இளமை முழுவதும். கெட்ட காலமும் ஒரு சுற்றுதான், முடிந்துவிடும் என்று கேட்பதில் ஆறுதல் உண்டு. காளஹஸ்திக்குப் போய் வருபவர்கள் பலர் தேடுவதும் அதைத்தான். ஆனால் எந்தத் தேதியில் முடியும் என்று ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருப்பது வேறு விஷயம்.

வேர்க்கடலைக்காரருக்கு இது தெரியும். கார்த்தெ பிறந்ததும் அவர் ஏரைத் தயார் செய்கிறார். ஆனால் மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்து, ஈரம் இருந்தால்தான் விதைக்கிறார்.