ஒரு நாள் ஓய்வுக்குப் பழவேற்காடு

லீவு விட்டதும் "எங்கேயாவது போகலாம்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு உண்டா? மெரினாவுக்குப் போனால் கூட்டம். மாமல்லபுரம் போனால் செலவு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் இருக்கும் நமக்கு, ஒரே நாளில் போய்த் திரும்ப அமைதியான கடலோர ஊர் ஒன்று இருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான் அது.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிப் பொன்னேரியில் இறங்கலாம். பூவிருந்தவல்லிக்காரர்கள் ஆவடிக்குப் பஸ்ஸில் வந்துவிட்டால் போதும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. சொந்த வண்டி இருந்தால் செங்குன்றம், தச்சூர் வழி.

ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். இந்த உப்பங்கழி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டிலேயே பெரியது. குளிர்காலத்தில் போனால், அதிர்ஷ்டம் இருந்தால், பூநாரைகளைப் பார்க்கலாம். கிட்டே போய்க் கைதட்டி விரட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். 'புலிகாட்' என்ற பெயரிலேயே கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி இங்கிருந்து கடல் கடந்து போனதாம்! அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பார்த்து என் சின்னவன் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். பெரியவளோ கல்லில் இருந்த எழுத்துக்களை விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஊர்ப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பெட்டி, கூடைகளையும் வாங்கலாம். அஞ்சறைப் பெட்டிச் சாமான் வைக்க அருமை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கரையில் நின்றால் யாராவது வந்து "படகில் போய்ட்டு வரலாம்க்கா, குறைச்சுத் தர்றேன்" என்று கூப்பிடுவார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் ஆசைதான். "பிள்ளைங்களோட ஏற மாட்டேன், நீங்களும் ஏறக் கூடாது" என்று நான் சொல்லிவிட்டேன். மாமியாரும், "அவ சொல்றதுதான் சரி, வாடா" என்றார். காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று, பண்டிகை நாளில், இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். ஆனால் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு அதிகம். கடலிலும் கணுக்கால் நனைந்தால் போதும். யார் முகம் சுளித்தாலும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், சகோதரிகளே!

இன்னொன்று. ஓய்வுக்கு என்று கிளம்பி, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஐந்து வகை சமைத்தால் அது நமக்கு ஓய்வா? மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை, பால் ஊற்றிப் பிசைந்த தயிர் சாதம், இவ்வளவு போதும். மூட்டை தூக்குவதும், சாப்பாடு எடுத்து வைப்பதும் அன்றைக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் ஒரு மணி நேரம் மர நிழலில் சும்மா உட்கார்ந்து அலையைப் பார்த்தேன்.

கையோடு கொண்டுபோக: தேவையான குடிநீர், தொப்பி, குடை, மாற்றுத் துணி, பழைய பெட்ஷீட், குப்பைக்கு ஒரு பை. கைக்குழந்தை இருந்தால் பால் கொடுக்கும்போது மறைக்க ஒரு மெல்லிய துண்டு. கழிப்பறைக்குப் பொன்னேரியிலேயே போய்விடுவது நல்லது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் அலையாதீர்கள். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுங்கள்.