'பொறியாளர்' என்னும் பெயரும் தொழிலாளி என்னும் உரிமையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கியிலோ, சிதம்பரம் மேல வீதியில் ஒரு விடுதியிலோ ஏசி பழுதடைந்தால், பைக்கில் வந்து இறங்கும் இளைஞரின் அடையாள அட்டையில் 'களப் பொறியாளர்' என்று அச்சிடப்பட்டிருக்கும். மாடியின் வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகையில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதே பெயர் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. 'அவர் பொறியாளர், தொழிலாளி அல்லர்' என்பது ஒரு வாதம். 'அழைப்புக்கு இவ்வளவு என்று பணம் பெறுபவர், எங்கள் ஊழியரே அல்லர்' என்பது மற்றொன்று. இவை சட்டத்தின் முன் நிற்குமா?

சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊர் சிதம்பரம். நிலமற்ற கூலிக் குடும்பத்திலிருந்து ஐ.டி.ஐ.யில் ஈராண்டுக் குளிர்பதனப் பிரிவை முடித்துவரும் தலித் இளைஞருக்குப் 'பொறியாளர்' என்னும் விளி வெறும் சொல்லன்று; தந்தைக்கு ஊர்த்தெருவில் மறுக்கப்பட்ட மரியாதை அது. அம்மரியாதை உரிமைக்கு ஈடாகத் தரப்படுவதே சிக்கல்.

செய்யும் வேலை எது?

கடலோர உப்புக்காற்று செப்புக் குழாய்களையும் அலுமினியத் தகடுகளையும் அரிக்கிறது. கசிவைத் தேடி உயரத்தில் ஏற வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். புதிய ஏசிகளில் பயன்படும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைச் செலுத்தினால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடும். இது உடலுழைப்பும் தொழில்நுட்பமும் சேர்ந்த வேலை. தொழிலாளி என்பதற்கான சட்ட வரையறை இவ்விரண்டையும் உள்ளடக்கியது.

பதவியின் பெயரன்று, முதன்மையாகச் செய்யும் பணியே அளவுகோல் என்று அர்க்கல் கோவிந்தராஜ ராவ் எதிர் சிபா கெய்கி வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் கூறியது. சில்வர் ஜூபிலி தையலக வழக்கில் (1973), உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. ஆகவே, அழைப்புக்குக் கூலி என்பதாலேயே ஊழியர் என்னும் தகுதி அற்றுப்போகாது. வேலையைப் பகிர்ந்தளிப்பவர், நேரத்தை வரையறுப்பவர், தரத்தைச் சோதிப்பவர் யார் என்பதே கேள்வி.

இழப்பீடு

பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர் ஈ.எஸ்.ஐ. பாதுகாப்புக்கு உரியவர். அதற்குள் வராதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அதன் அடிப்படைகள் தொடர்கின்றன. முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை; பணியின் காரணமாகவும் பணியின்போதும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். தன் வழக்கமான தொழிலை ஒப்பந்தக்காரரிடம் விட்ட நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும்.

'பெல்ட் அணியவில்லை' என்னும் பதிலும் எளிதில் செல்லாது. பெல்ட் வழங்கப்பட்டு, அதை வேண்டுமென்றே புறக்கணித்ததாக நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவ்வாதத்துக்கே இடமில்லை.

பாதிக்கப்பட்டவரிடம் நியமன ஆணை இல்லாமற்போகலாம். அழைப்புப் பதிவுகள், வாட்ஸ்அப்பில் வந்த பணிக் கட்டளைகள், வங்கிக் கணக்கில் விழுந்த தொகை, சீருடை, அடையாள அட்டை ஆகியவை அனைத்தும் சான்றுகளே. விபத்தன்றே மருத்துவமனையில் 'பணியின்போது நேர்ந்தது' என்று பதியச் செய்யுங்கள். கோரிக்கை மனுவுக்கான காலவரம்பு ஈராண்டு. சமரசப் பேச்சில் அக்காலத்தைக் கரைய விடாதீர்கள்.